பழைய காரில் பவர் ஸ்டீயரிங் கைவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கங்களிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார்களைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் ஸ்டீயரிங் பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை பதில் எழுதியிருக்கிறேன். ராக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியை முன் டயர்களுக்குக் கடத்தும் பல் தண்டு அமைப்பை, மாற்றச் சம்மதிக்கும் முன் பெல்ட்டையும் ஆயிலையும் டயர்க் காற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பதில்கள் அனைத்திலும் நான் வலியுறுத்த விரும்புவது.

பவர் ஸ்டீயரிங் போயிட்டா ஸ்டீயரிங் திரும்பவே திரும்பாதா? வண்டி நம்ம கையை விட்டுப் போயிடுமா?

திரும்பும். நீங்கள் பிடிக்கும் ஸ்டீயரிங்குக்கும் முன் டயர்களுக்கும் இடையே இரும்புத் தண்டும் பல்சக்கரமும் கொண்ட நேரடித் தொடர்பு எப்போதும் இருக்கிறது. பவர் என்று சொல்வது அந்தத் தொடர்புக்குத் துணை நிற்கும் உதவி மட்டுமே. உதவி நின்றுபோனால் கையில் கூடுதல் வலிமை தேவைப்படும், தொடர்பு அறுந்துவிடாது. வேகமாக நேர்ச்சாலையில் போகும்போது இந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது. வேலூர் லாங்கு பஜாரில் இடம் பார்த்து நிறுத்தும்போதும், கிரீன் சர்க்கிளில் நெரிசலுக்கு நடுவே மெல்லத் திரும்பும்போதும் முழுக்கனமும் தெரியும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் கனமாக இருப்பது வேறு; திருப்பினாலும் டயர் திரும்பாமல் வெறுமனே சுற்றுவதும், ஒரு பக்கம் திரும்பி அங்கேயே மாட்டிக்கொள்வதும் வேறு. பின்னவை இரண்டும் தண்டு, ராக்கை டயர்களோடு இணைக்கும் டை ராட், பால் ஜாயின்ட் என்ற மூட்டு ஆகியவற்றின் கோளாறுகள். அந்த நிலையில் காரை ஓர் அடிகூட ஓட்டக் கூடாது.

என் வண்டியில இருக்கிறது ஆயில் ஸ்டீயரிங்கா, கரண்ட் ஸ்டீயரிங்கா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் சக்கரத்தின் படமோ ‘பவர் ஸ்டீயரிங்’ என்ற எழுத்தோ உள்ள மூடியுடன் சிறிய ஆயில் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஹைட்ராலிக் வகை. என்ஜினிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் பம்ப் ஆயிலை அழுத்தி ராக்குக்கு அனுப்புகிறது. மாருதி எஸ்டீம், ஃபோர்டு ஐகான், ஹூண்டாய் ஆக்சென்ட், டாடா இண்டிகா, 2005-இல் வந்த முதல் இன்னோவா ஆகியவை இந்த வகை.

பாட்டில் இல்லாமல், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்தால் அது எலக்ட்ரிக் வகை. இதில் பம்ப்பும் ஆயிலும் கிடையா, மோட்டார்தான் உதவுகிறது. சுசுகி நிறுவனம் 1988-லேயே ஜப்பானில் செர்வோ என்ற சிறு காரில் இதைப் பொருத்தியது. நம் ஊரில் வேகன் ஆர், 2005-இன் ஸ்விஃப்ட், பின்னர் வந்த ஐ10 ஆகியவற்றில் இதைக் காணலாம்.

பெங்களூர் ஹைவேஸ்ல ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு இறுகிட்டா முதல்ல என்ன செய்யணும்?

ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். காரை அதன் தடத்திலேயே நேராகப் போகவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கம் மெல்ல ஒதுங்குங்கள். பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் பின்னால் லாரிகள் நெருங்கி வருவது வழக்கம் என்பதால், திடீரென்று பிரேக்கை அழுத்துவது ஸ்டீயரிங் கோளாற்றைவிடப் பெரிய ஆபத்தை வரவழைக்கும்.

ஓடும்போது சாவியை அணைக்கவே கூடாது. பயத்தில் பலருடைய கை சாவிக்குத்தான் முதலில் போகிறது. என்ஜின் நின்றால், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கான வெற்றிட இழுப்பும் (வேக்குவம்) நின்றுவிடும். ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். சாவியை முழுவதும் திருப்பி உருவினாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். கனமான ஸ்டீயரிங்கோடு ஓரம் ஒதுங்கலாம். பூட்டிய ஸ்டீயரிங்கோடு எதுவும் செய்ய முடியாது.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. சில நேரம் பவர் ஸ்டீயரிங் கெட்டிருக்காது. என்ஜின்தான் ஓடும்போதே நின்றுபோயிருக்கும், அதை ஓட்டுநர் கவனித்திருக்க மாட்டார். ஆகவே காரைக் கட்டுக்குள் கொண்டுவந்தவுடன் மீட்டரைப் பாருங்கள். பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்து, ஆர்.பி.எம். முள் கீழே கிடந்தால் நின்றது என்ஜின். என்ஜின் ஓடிக்கொண்டே பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. சாலையோரத்தில் நிறுத்தியதும் ஹசார்டு விளக்குகளைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

நின்ன இடத்திலிருந்து பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வரலாமா, இல்ல டோ பண்ணித்தான் ஆகணுமா?

எது போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே நீண்ட பெல்ட் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டீயரிங் பம்ப் அனைத்தையும் சுற்றும் கார்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் என்ஜின் குளிர்வதும் நின்றுவிடும். அப்படியே ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய், சிறிய செலவு பெரிய செலவாகும். டோ செய்வதே சரி. ஸ்டீயரிங் பம்ப்புக்குத் தனிப் பெல்ட் உள்ள பழைய கார்களில் அது மட்டும் அறுந்திருந்தால், வெப்ப முள் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அருகிலுள்ள பட்டறைக்கு மெதுவாகப் போகலாம்.

ஆயில் ஒழுகியிருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு மீது சொட்டிப் புகை வந்தால் அது தீப்பிடிக்கக் கூடியது, ஓட்டக் கூடாது. பாட்டில் வற்றிப்போன நிலையில் ஓட்டினால் பம்ப் உள்ளே வறண்டு தேய்ந்து இறுகிவிடும்.

கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால், சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இரண்டுமே கனமாக இருக்கும் என்பதை உள்ளே உட்காருபவர் அறிந்திருக்க வேண்டும். முன் டயர்களைத் தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டி கிடைத்தால் அதுவே மேல்.

திருப்பும்போது ‘ஊய்ங்’னு சத்தம் மட்டும் வருது, ஸ்டீயரிங் லேசாத்தான் இருக்கு. விட்டுடலாமா அண்ணா?

விடாதீர்கள். பழுதை மிகக் குறைந்த செலவில் பிடிக்கக்கூடிய காலம் இதுதான். திருப்பத் திருப்ப ஏறி இறங்கும் முனகல் ஒலி வந்தால் ஆயில் குறைந்திருக்கிறது அல்லது காற்றுப் புகுந்திருக்கிறது. என்ஜினை ஓடவிட்டுப் பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் தெளிவாக இல்லாமல், கடைந்த மோர் போல நுரைத்திருந்தால் காற்று உறுதி. அந்தக் காற்று பெரும்பாலும் பாட்டிலிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் தளர்ந்த கிளாம்ப் வழியாகத்தான் வருகிறது. ஆயில் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே இழுக்கப்படுவதால் தரையில் ஒரு சொட்டும் தெரியாது.

கீச்சென்று கூர்மையாக, முழுவதும் திருப்பிய நிலையில் ஒலி வந்தால் அது பெல்ட் வழுக்கும் ஒலி. பெல்ட்டின் உட்பக்கத்தை விரலால் புரட்டிப் பாருங்கள். மங்கிய கருப்பாக இருக்க வேண்டிய ரப்பர் கண்ணாடி போல் பளபளத்தாலோ குறுக்கே வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் ரப்பர் வேகமாக இறுகிவிடுகிறது என்பதால், கோடைக்கு முன் ஒருமுறை பெல்ட்டைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எந்த ஆயில் ஊத்தணும்? அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொல்றாங்களே?

பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது. அது கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். பவர் ஸ்டீயரிங்கின் ஆயில் சீல்கள், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள், அதைத் தாங்க மாட்டா. சீல்கள் ஊதிப் பதம் கெட்டு, பம்ப், ராக் இரண்டிலும் ஒழுகத் தொடங்கும். தவறிப்போய் ஊற்றிவிட்டால் என்ஜினை ஓட்டாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், அப்படியே வடிக்கச் சொல்லுங்கள்.

பல பழைய கார்கள் சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) டெக்ஸ்ரான் வகையைக் கேட்கின்றன. ஹோண்டா, ஹூண்டாய் போன்றவை தமக்கென்று தனி வகை சொல்கின்றன. பாட்டில் மூடியிலோ காரோடு வந்த கையேட்டிலோ என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவே இறுதி. நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்.

மாசம் ஒருதடவை கொஞ்சம் ஊத்தினாலே ஓடுது. அதுக்காக ஏன் வேலை வைக்கணும்?

பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைகிறதென்றால் எங்கோ வெளியேறுகிறது. இரவு காரின் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். கறை முன்பக்கம் பெல்ட் இருக்கும் பகுதிக்கு நேராக விழுந்திருந்தால் பம்ப் அல்லது ஹோஸ். முன் டயர்களுக்கு அருகில் விழுந்திருந்தால் ராக். ராக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் உறையை (பூட்) அழுத்தும்போது உள்ளே ஆயில் தளும்பினால், ராக் சீல் போய்விட்டது என்று வேறு சான்றே தேவையில்லை.

பம்ப்பிலிருந்து ராக்குக்குப் போகும் அழுத்த ஹோஸ் ஒழுகினால், சாதாரண ரப்பர்க் குழாயை வெட்டிப் போட்டுக் கிளாம்ப் முறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். முழுவதும் திருப்பிய நிலையில் அங்கே அழுத்தம் 70 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் அளவுதான். டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ராலிக் ஹோஸின் முனையை இறுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் வேலை செய்து தருபவர்களிடம் அளவு கொடுத்தால் முறையாகச் செய்து தருவார்கள். திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவு. அங்கே ஆயில் தாங்கும் ஹோஸும் நல்ல கிளாம்ப்பும் போதும்.

மெக்கானிக் பார்த்தவுடனே ராக் போச்சு, மாத்தணும்னு சொல்றாரு. நம்பலாமா?

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கீழே சொல்பவற்றைப் பார்த்த பிறகு சொல்கிறாரா என்பதுதான் கேள்வி. முதலில் டயர்க் காற்று. முன் டயர்களில் 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய காரில் 20 இருந்தால், பவர் முழுமையாக இருந்தும் ஸ்டீயரிங் கனக்கும். உங்கள் காரின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கும். அகலமான டயர் மாற்றிய பிறகுதான் கனம் தொடங்கியதா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்ததாக, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பச் சொல்லுங்கள். டயர் தரையைத் தொடாத அந்த நிலையில் அது ஓரளவு எளிதாகத் திரும்ப வேண்டும். அப்போதும் முரண்டு பிடித்தாலோ, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பிடித்துப் பிடித்து விட்டாலோ, பிழை ஆயிலிலோ பம்ப்பிலோ இல்லை. ஸ்டீயரிங் தண்டு வளையும் இடத்து மூட்டான யூ.ஜே. சிலுவையோ பால் ஜாயின்ட்டோ துருப்பிடித்து இறுகியிருக்கலாம். ஓட்டும்போது வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் ராக்கைவிட மிகக் குறைந்த செலவுள்ளவை.

இவற்றில் குறை இல்லையென்றால் காரை இறக்கி, என்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே திருப்பிப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில்) கனமாக இருந்து, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி 1,500 ஆர்.பி.எம். கொண்டுவந்ததும் லேசானால் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது பெல்ட் வழுக்குகிறது. இரு பக்கமும் எந்த என்ஜின் வேகத்திலும் ஒரே மாதிரி கனத்தால் பம்ப்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அளக்காமலே ராக்கைக் கழற்றுவது சரியான வேலை அன்று.

காலையில எடுக்கும்போது கனமா இருக்கு, கொஞ்ச தூரம் போனதும் சரியாயிடுது. ஒரு பக்கம் மட்டும் கனமாவும் இருக்கு. இது என்ன?

இந்த இரண்டும் ராக்கைச் சுட்டும் அடையாளங்கள். ராக்கின் உள்ளே சுழலும் வால்வு ஆயிலை இடப்பக்கம் அனுப்புவதா வலப்பக்கம் அனுப்புவதா என்று முடிவு செய்கிறது. அந்த வால்வைச் சுற்றியுள்ள வளையங்கள் நாள்பட ஓட்டத்தில் வால்வு உறையின் உட்சுவரைத் தேய்த்துப் பள்ளம் விட்டால், குளிர்ந்த நிலையில் ஆயில் இடுக்கு வழியாக நழுவிவிடும். சூடேறியதும் வளையம் விரிந்து அடைத்துக்கொள்ளும். பம்ப் இரு பக்கத்துக்கும் பொது என்பதால், ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பம்ப்பைக் குறை சொல்ல இடமில்லை.

அப்போ ராக்குக்கு சீல் கிட் போட்டா போதுமா? இல்ல புதுப்பேட்டையில பழைய ராக் வாங்கிப் போடலாமா?

ஒழுகல் மட்டுமே குறையாக இருந்து, ராக்கின் தண்டு கீறலும் துருவும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் சீல் கிட் போதும். தண்டின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேனும் தடுக்கினால் புதுச் சீலும் சில மாதங்களில் கிழியும். பூட் கிழிந்து மழைநீரும் மணலும் புகுந்த ராக்குகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகின்றன. முந்தைய பதிலில் சொன்ன வால்வுத் தேய்மானம் இருந்தால் கிட் பயன் தராது; முறையாக ரிகண்டிஷன் செய்த ராக்கோ புதிதோ வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ராக் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன கார்களுக்குப் பல நேரம் அதுவே வழி. வாங்கும் இடத்திலேயே ரப்பர் உறையைத் தள்ளித் தண்டைப் பாருங்கள், பற்களில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள், உங்கள் ராக்கின் எண்ணோடு ஒப்பிடுங்கள். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய காரின் ராக் என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எந்த ராக் போட்டாலும் பழைய ஆயிலை முழுவதும் வடித்து, உள்ளே சேர்ந்த உலோகத் துகளைக் கழுவி, பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

ஆயில் மாத்தின பிறகும் முனகல் சத்தம் போகல. காற்றை எப்படி எடுக்கிறது?

முன் டயர்களைத் தரையிலிருந்து தூக்கி, என்ஜின் ஓடாத நிலையில் பாட்டிலை நிரப்பி, ஸ்டீயரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். குமிழ்கள் நிற்கும் வரை ஆயிலைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகுதான் என்ஜினை ஓட்டி அதையே மறுபடி செய்ய வேண்டும். எல்லையில் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அப்போது ஆயில் அழுத்த வால்வு வழியாகவே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். தினசரி ஓட்டத்துக்கும் இது பொருந்தும்.

பம்ப் பெல்ட்டைக் கழட்டிட்டு பவர் இல்லாமலே ஓட்டிடலாமா? மாருதி 800 அப்படித்தானே ஓடிச்சு?

மாருதி 800 பவர் இல்லாமல் ஓட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, எடை குறைந்த கார். அதன் ஸ்டீயரிங் பல் விகிதமும் அதற்கேற்றது. பவர் உள்ள காரின் ராக் உதவி இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. அதோடு, திருப்பும்போதெல்லாம் ராக்குக்குள் அடைபட்ட ஆயிலையும் உங்கள் கையே தள்ள வேண்டியிருக்கும். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் நொடியில் வெட்டித் திருப்ப முடியாத காரைத் தெருவில் ஓட்டலாம் என்று என்னால் யாரிடமும் சொல்ல முடியாது. பட்டறைக்குக் கொண்டுவரும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னோடது எலக்ட்ரிக். விளக்கு எரியுது, வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது. அப்புறம் என்ன பிரச்சினை?

விளக்கு அணைந்தாலும் கோளாறு கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். நின்ற இடத்தில் திருப்பும்போது இந்த மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. பேட்டரி முனை பச்சைபூத்திருந்தாலும், எர்த் வயர் தளர்ந்திருந்தாலும், மின்னழுத்தம் சரிந்து கம்ப்யூட்டர் உதவியை நிறுத்திவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். பல பழைய கார்களில் கோளாறு இதோடு முடிந்துவிடுகிறது.

நெருக்கமான இடத்தில் பலமுறை முன்னும் பின்னும் திருப்பிய பிறகு கனமாகி, சற்று நேரத்தில் தானே சரியானால் அது மோட்டார் சூடாகாமல் காக்கும் ஏற்பாடு, கோளாறு அன்று. இவை எதுவும் இல்லாமல் விளக்கு மீண்டும் மீண்டும் வந்தால், கையின் திருப்புவிசையை அளக்கும் டார்க் சென்சாரோ மோட்டாரோதான். அதை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமா?

தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான பாலிசியில் வருவதில்லை. சாலையோர உதவி என்ற கூடுதல் வசதியை எடுத்திருந்தால் டோ செய்யும் செலவு கிடைக்கலாம்.

ஏலகிரி போகணும்னு குடும்பமா திட்டம் போட்டாச்சு. ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு, போயிட்டு வந்து பார்த்துக்கலாமா?

பார்த்துவிட்டுப் போங்கள். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குறைந்த வேகத்தில், முழு எடையோடு, ஏறத்தாழ எல்லை வரை திருப்ப வேண்டிய இடங்கள் அவை. பவர் ஸ்டீயரிங் மிகவும் உழைப்பதும் பலவீனமான பெல்ட்டும் ஹோஸும் கைவிடுவதும் அங்கேதான். ஜவ்வாது மலைக்கும் இது பொருந்தும். ஏறும்போது பவர் போனால் வளைவுக்கு நடுவில் நிற்க நேரிடும். அப்போது கைபிரேக்கைப் போட்டு, டயருக்குக் கல் வைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு உதவி வரும் வரை காத்திருங்கள். உதவி இல்லாத ஸ்டீயரிங்கோடு பின்னால் உருட்டித் திருப்ப முயல வேண்டாம்.

15 வருஷம் ஆகப்போகுது, ஆர்.சி. புதுப்பிக்கணும். ஆர்.டி.ஓ.வில ஸ்டீயரிங்கைப் பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுகிறது. காலாவதிக்கு முன்னுள்ள 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதி, ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. காரை நேராக நிறுத்தி, டயர் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்த்தால் உங்கள் காரின் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆட்டம் மிகுந்திருந்தால் டை ராட் முனைகளை முதலில் மாற்றி, அலைன்மென்ட் செய்து, ஆயில் ஒழுகலையும் நிறுத்திய பிறகு வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் காரைக் கொண்டுசெல்லுங்கள்.